ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது, வண்டி இழுக்கிறது: டயரை மாற்றுவதற்கு முன்னால்

கேள்வி: கரூரில் இருக்கிறேன் சார். குளித்தலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. 2018 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டியில்தான் தினமும் பள்ளிக்குப் போய் வருகிறேன். பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் இடது சக்கரத்தில் ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்ததால் போன மாதம் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். இடது லோயர் ஆர்மும் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் மாற்றி, டயர் ரொட்டேஷன், வீல் அலைன்மென்ட் எல்லாம் செய்ததாகப் பில் கொடுத்தார்கள். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து நேரான ரோட்டில் போகும்போதும் ஸ்டீயரிங் வலப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. பிடியைத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, “அலைன்மென்ட் எல்லாம் பச்சையில்தான் இருக்கு, டயர் தேஞ்சிருக்கு, நாலையும் மாத்திடுங்க” என்கிறார்கள். டயர் போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. மாற்றத்தான் வேண்டுமா? இப்படியே ஓட்டினால் ஆபத்தா? மெக்கானிக்கிடம் என்ன கேட்பது என்றே தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பதில்: டீச்சர், வணக்கம். டயரை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கோளாறு எங்கே என்று தெரியாமல் புது டயர் போட்டால், அதையும் அந்தக் கோளாறே தின்றுவிடும். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்வரை நேராக ஓடிய வண்டி, அங்கிருந்து வந்ததும் கோணலாக ஓடினால், அங்கே கைவைத்த இடங்களில்தான் முதலில் தேட வேண்டும். உங்கள் பில்லிலேயே அந்த இடங்கள் எழுதியிருக்கின்றன: லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் இரும்புக் கை), ஷாக் அப்சார்பர், ரொட்டேஷன் (டயர்களை இடம் மாற்றி மாட்டுவது), அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது).

ஆபத்தா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங் ஒரே அளவில் சாய்ந்து நின்று, வண்டி லேசாக இழுப்பதோடு சரி என்றால், சரிபார்க்கும்வரை சில நாள் நிதானமாக ஓட்டலாம். ஆனால் சாய்வு நாளுக்கு நாள் கூடினாலோ மாறினாலோ, பழைய சத்தம் திரும்ப வந்தாலோ, திருப்பத்தில் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் அப்படியே நின்றாலோ, ஒரு சக்கரத்தில் மட்டும் சூடும் கருகல் வாடையும் வந்தாலோ வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், மீட்பு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், லோயர் ஆர்மின் நுனியில், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட், பெரும்பாலான சிறிய கார்களில் ஒரே ஒரு போல்ட்டின் பிடியில் நிற்கிறது. அது சரியாக முடுக்கப்படாமல் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் அங்கேயே மடங்கிவிடும். சக்கர நட்டுகளையும் வீட்டிலேயே ஒருமுறை வீல் ஸ்பேனரால் முடுக்கிப் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியில் 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் அவற்றை மறுபடி பார்ப்பது எப்போதுமே நல்லது.

இனி கோளாறுக்கு வருவோம். நீங்கள் ஒன்றாகச் சொல்லியிருப்பது இரண்டு கோளாறு. ஸ்டீயரிங் கோணலாக நிற்பது ஒன்று. வண்டி ஒரு பக்கம் இழுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும், சரிசெய்யும் இடமும் வேறு. ஒர்க்‌ஷாப்பில் இரண்டையும் ஒரே மூச்சில் ‘அலைன்மென்ட்’ என்று சொல்வதால்தான் பேச்சு குழம்புகிறது.

கோணல் சமாசாரம் எளிது. முன்சக்கரங்கள் இரண்டும் மேலிருந்து பார்த்தால் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கின்றன என்பதை டோ என்கிறோம். முன்பாதம் உள்பக்கம் திரும்பி நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் டோ-இன். இதை டை ராட் என்ற கம்பியின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்வார்கள். இடது, வலது இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திருகலாம். திருகிய அளவு மாறாமல் லாக் நட் பிடித்துக்கொள்ளும். அலைன்மென்ட் செய்கிறவர் முதலில் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பி, சரியாக நடுவில் நிறுத்தி, சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையில் ஒரு தாங்கியைக் கொடுத்துப் பூட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் டை ராடில் கை வைக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் மொத்த டோ அளவு கம்ப்யூட்டரில் சரியாகவே வரும். சக்கரங்கள் நேராகப் போகும், ஸ்டீயரிங் மட்டும் சாய்ந்து நிற்கும். திரும்பச் செய்தால் அரை மணி நேர வேலை.

சிலர் இதற்குக் குறுக்குவழியாக ஸ்டீயரிங் வீலையே கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டி நேராக்கிக் கொடுத்துவிடுவார்கள். தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீயரிங் பார்வைக்கு நேராகிவிடும், ஆனால் உள்ளே ரேக், அதாவது ஸ்டீயரிங்கின் திருப்பத்தை டை ராடுகளுக்குக் கொண்டுபோகும் பல்சட்டம், நடுவில் இருக்காது. வண்டி ஒரு பக்கம் குறைவாகவும் மறு பக்கம் அதிகமாகவும் திரும்பும். இண்டிகேட்டர் தானாக அணைவதும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அதைவிட முக்கியமாக, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏர்பேக்குக்குப் போகும் நாடா ஒயர் சுருள் இருக்கிறது. நடு தவறி மாட்டினால் ஒரு முழுத் திருப்பத்தில் அது அறுந்துவிடக்கூடும், அறுந்தால் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்துவிடும்.

இழுப்புக்கு வருகிறேன். டோ தப்பாக இருந்தால் வண்டி இழுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முன்சக்கரங்களில் அப்படி நடப்பது அபூர்வம். ஓடும்போது இரண்டு சக்கரமும் பிழையைத் தங்களுக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். அதனால் ஸ்டீயரிங் சாயும், டயர் தேயும், வண்டி இழுக்காது. இழுப்புக்குக் காரணம் கேம்பர் அல்லது காஸ்டரில் இடது வலது வித்தியாசம், டயர், காற்று, பிரேக் இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருப்பது கேம்பர். எந்தப் பக்கச் சக்கரத்தின் தலை அதிகமாக வெளியே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி போகும். சக்கரம் திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்த்தால் சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பது காஸ்டர். அது எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும்.

உங்கள் வண்டியில் ஷாக் அப்சார்பரை மாற்றியிருக்கிறார்கள். ஸ்ட்ரட் என்று சொல்லும் அந்த அசெம்பிளியின் கீழ்முனை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு இரண்டு தடித்த போல்ட்டுகளால் பிணைந்திருக்கும். போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. முடுக்கும்போது சக்கரத்தை உள்ளே தள்ளிப் பிடித்து முடுக்கினால் ஒரு கேம்பர், வெளியே சாயவிட்டு முடுக்கினால் இன்னொரு கேம்பர். பழகிய கை, கழற்றுவதற்கு முன்னால் பழைய நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளும், மாட்டும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி அழுத்தி முடுக்கும். உங்கள் வண்டியில் இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் ஒரு மாதிரியும் நின்றிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்து திரும்ப முடுக்கினாலே முடிந்தது, புதுப் பொருள் ஒன்றும் தேவையில்லை. கேம்பர் வரவில்லை என்று ஹைட்ராலிக் ஜாக்கை வைத்து ஸ்ட்ரட்டை வளைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். புது ஷாக் அப்சார்பரை அப்படி வளைக்க விடாதீர்கள்.

லோயர் ஆர்மிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் இறுதியாக முடுக்க வேண்டும். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும்போதே முடுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். இன்னொன்று: இடப்பக்கம் மட்டும் புதிது போட்டிருக்கிறார்கள். வலப்பக்க புஷ் பழையது, தளர்ந்திருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது இழுப்பு கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் வலது புஷ்ஷையும், பிரேக் பேடுகளை அழுத்தும் பிரேக் கேலிப்பரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை நிறுத்திய சொல் ‘ரொட்டேஷன்’. பின்னால் இருந்த டயர்கள் இப்போது முன்னால் வந்திருக்கின்றன. ரேடியல் டயருக்குள் இருக்கும் ஸ்டீல் பெல்ட் சற்றே ஒரு பக்கம் தள்ளி அமைந்திருந்தாலோ, டயர் ஒரு ஓரம் அதிகமாகத் தேய்ந்திருந்தாலோ, கண்ணுக்குத் தெரியாத அளவு அது கூம்பு வடிவமாகி, உருளும்போது ஒரு பக்கம் தள்ளும். பின்னால் இருக்கும்வரை இந்தக் குணம் வெளியே தெரியாது. முன்னால் வந்ததும் ஸ்டீயரிங்கில் தெரியும். ஆக, டயரைக் குறை சொன்ன ஒர்க்‌ஷாப்காரர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. டயரிலும் இருக்கலாம். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்காமல் நாலு டயரை மாற்றச் சொன்னதுதான் தப்பு. சோதனைக்குப் பைசா செலவில்லை: முன்பக்க இடது, வலது சக்கரங்களை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டி, அதே ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இழுப்பு வலப்பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி. மாறாமல் இடப்பக்கமே இழுத்தால் டயர்மேல் பழி இல்லை, சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் மட்டும் இப்படி மாற்றக்கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் நீங்களே செய்யக்கூடியவை சில உண்டு. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, நாலு சக்கரத்திலும் காற்றைப் பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் பில்லரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். இரண்டு முன்சக்கரத்துக்கும் ஐந்து பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி குறைந்த பக்கம் இழுக்கும். அடுத்து, நம் ஊர் ரோடுகள் மழைநீர் வடிவதற்காக இடது ஓரம் நோக்கிச் சரிந்தே போடப்பட்டிருக்கும். நாலு வழிச் சாலையிலும் அப்படித்தான். அதனால் எந்த வண்டியும் கையைத் தளர்த்தினால் மெல்ல இடது பக்கம் ஒதுங்கும். சமதளமான, ஆளில்லாத ஒரு பெரிய மைதானத்திலோ அகலமான சர்வீஸ் ரோட்டிலோ 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கை விட்டுவிட வேண்டாம், பிடியை மட்டும் தளர்த்துங்கள். அங்கேயும் இழுத்தால் அது வண்டியின் கோளாறு.

கோணலுக்கு ஒரு அத்தாட்சி வேண்டும். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கின் உச்சியில், நடுவில், ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நேரான ரோட்டில் நேராகப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை ஒரு போட்டோ எடுக்கட்டும். டேப் அரை அங்குலம் தள்ளி நின்றால், இழுப்பைச் சமாளிக்க நீங்கள் தரும் திருப்பமாகவே அது இருக்கலாம். இழுப்பு சரியானால் கோணலும் போய்விடும். இரண்டு மூன்று அங்குலம் தள்ளி நின்றால் பெரும்பாலும் டை ராடு வேலை சரியில்லை என்று சொல்லலாம்.

அப்புறம் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். வண்டி நின்று, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்தால் முன்டயரின் முகம் வெளியே தெரியும். உள்ளங்கையை வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கும், அங்கிருந்து திரும்பியும் இழுங்கள். ஒரு திசையில் வழவழப்பாக இருந்து, எதிர்த்திசையில் ரம்பப் பல்போல் கையை உரசினால் அது டோ கோளாறு. பல்லே இல்லாமல் ஒரு ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவு. 15 அங்குல ரிம்மில் மொத்த டோ மூன்று மில்லிமீட்டர் பிசகினால், ஒவ்வொரு முன்சக்கரமும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய நாலு மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகிறது. தினமும் கரூர் குளித்தலை போய்வரும் வண்டியில் இதைத் தள்ளிப்போடக்கூடாது.

இனி அந்தப் ‘பச்சை’. அலைன்மென்ட் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு அளவுக்கும் கம்பெனி ஒரு வரம்பு கொடுத்திருக்கும். வரம்புக்குள் இருந்தால் பச்சை, வெளியே போனால் சிவப்பு. கேம்பருக்கு வரம்பு ஒரு டிகிரி கூடவோ ஒரு டிகிரி குறையவோ என்று வைத்துக்கொள்வோம். இடது சக்கரம் வெளிப்பக்கம் முக்கால் டிகிரி, வலது சக்கரம் உள்பக்கம் முக்கால் டிகிரி என்றால் இரண்டுமே பச்சை. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை டிகிரி வித்தியாசம், வண்டி இடப்பக்கம் இழுத்தே தீரும். ஒவ்வொரு கட்டமும் பச்சையா என்பதோடு நிற்காமல், இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கேம்பரிலும் சரி காஸ்டரிலும் சரி, அரை டிகிரிக்குமேல் வித்தியாசம் இருந்தால் நான் கேள்வி கேட்பேன். தாளில் டிகிரிக்குப் பக்கத்தில் 30 நிமிடம் என்று இருந்தால் அது அரை டிகிரி, தசமத்தில் 0.30 அல்ல. பல பேர் இதில் ஏமாறுகிறார்கள்.

அந்தப் பிரிண்ட் தாளை உங்களுக்குக் கொடுத்தார்களா? கடிதத்தில் அதைப் பற்றி இல்லை. முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டியின் மாடல் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா, தேதி வேலை முடிந்த நாள்தானா, செய்வதற்கு முன் இருந்த அளவும் செய்தபின் வந்த அளவும் இரண்டும் இருக்கின்றனவா, பின்சக்கர அளவுகள் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். காஸ்டர் கட்டம் காலியாக இருந்தால், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பி அளக்கும் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். உங்கள் வண்டியில் பின்சக்கரங்கள் பீம் என்ற ஒரே குறுக்குச் சட்டத்தில் பிணைந்திருப்பதால் அங்கே திருகிச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. ஆனால் அளந்தால்தான் பீம் வளையவில்லை என்று தெரியும்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டம் இல்லாத வேலைநாள் காலையில் போங்கள். கவுன்ட்டரில் பேசிவிட்டு வராமல், ஃபோர்மேனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்காட்டுங்கள், பிறகு அவரை ஓட்டச் சொல்லுங்கள். அவர் கையாலேயே இழுப்பை உணர்ந்துவிட்டால் பாதிப் பேச்சு குறையும். அதன்பின் இப்படிச் சொல்லுங்கள்: “முன்னாடி ரெண்டு சக்கரத்தையும் இடம் மாத்தி ஓட்டிப் பார்த்துடுங்க. டயர் இல்லைன்னா ஸ்ட்ரட் போல்ட்டைத் தளர்த்தி கேம்பரை ரெண்டு பக்கமும் சமமா வைங்க. ஸ்டீயரிங்கைப் பூட்டிட்டு டோ பண்ணுங்க. டை ராடு லாக் நட்டை முடுக்கினதை நான் பார்க்கணும். முன்ன பின்ன அளவு ரெண்டும் உள்ள தாள் வேணும்.” இதைக் கேட்டாலே எதிரில் இருப்பவர் பேசும் முறை மாறும். முடிந்ததும் லிஃப்ட்டில் வண்டி இருக்கும்போதே கீழே குனிந்து டை ராடைப் பாருங்கள். லாக் நட்டுக்கு வெளியே தெரியும் மரை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்குத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் மிகக் குறைவாகவும் தெரிந்தால் ரேக் நடுவில் இல்லை என்று சந்தேகிக்கலாம்.

இந்த வேலைக்கு அவர்கள் பணம் கேட்கக்கூடாது, நீங்களும் கொடுக்க வேண்டாம். ஜாப் கார்டில் ‘முந்தைய வேலைக்குப் பின் இடப்பக்கம் இழுப்பு, ஸ்டீயரிங் கோணல்’ என்று எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்குங்கள். மறுத்தால் சண்டை வேண்டாம். வேறொரு நல்ல அலைன்மென்ட் சென்டரில், எதையும் திருகாமல் அளவு மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். அந்தத் தாள், பழைய பில், டேப் ஒட்டிய போட்டோ மூன்றையும் வைத்து ஒர்க்‌ஷாப்புக்கும், கம்பெனி ஒர்க்‌ஷாப் என்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பெரும்பாலும் அதிலேயே வேலை முடியும். முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருட டயரை மாற்றலாமா வேண்டாமா என்பதைத் தேய்மானம் காட்டும் மேடு சொல்லும். டயரின் பள்ளங்களுக்குள் சின்னதாக ஒரு குறுக்கு மேடு இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், அப்போது மாற்றியே ஆக வேண்டும். அதற்கு மேலே ரப்பர் இருந்து, லேசாக ரம்பப் பல் மட்டும் விழுந்திருந்தால், அலைன்மென்ட் சரியானபின் அந்த இரண்டையும் பின்னால் போட்டு ஓட்டுங்கள், அந்தப் பல்லால் வரும் டயர் சத்தம் கொஞ்ச நாளில் குறையும். முன்டயர் இரண்டு மட்டும் கெட்டுப்போயிருந்தால் இரண்டு வாங்கினால் போதும். புதிது இரண்டையும் பின்சக்கரத்தில் போடச் சொல்லுங்கள். ஈர ரோட்டில் வண்டியின் பின்பக்கம் வழுக்காமல் பிடித்துக்கொள்ள அதுதான் உதவும். புது டயர் போட்ட அன்றே பேலன்சிங்கும் இன்னொரு முறை அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள், அந்தத் தாளையும் பில்லோடு சேர்த்து வண்டியிலேயே வைத்திருங்கள்.